நுரை, கொழகொழப்பு, நூல்: மாவு மக்கர் பண்ணும்போது

காலையில் மூடியைத் திறந்ததும் கரண்டியை உள்ளே விடாதீர்கள். முதலில் முகர்ந்து பாருங்கள். அடுத்து மேல்பரப்பைப் பாருங்கள். கரண்டி அதற்குப் பிறகுதான். ஒரு தடவை கலக்கிவிட்டால் நுரை அடங்கிவிடும். இரவெல்லாம் பாத்திரத்துக்குள் என்ன நடந்தது என்பதற்கான தடயம் அதோடு போச்சு. "மாவு சரியில்லைங்க" என்று சொல்பவர்களிடம், கலக்குவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

அரிசி, உளுந்து அளவையும் ஆட்டும் பக்குவத்தையும் முன்பே பார்த்துவிட்டோம். எல்லாம் முறைப்படி செய்தும் மாவு கட்டுக்கு அடங்காமல் நுரைத்து வழிவது, நுரையே வராமல் படுத்துக்கிடப்பது, வழவழவென்று இழுபடுவது ஆகியவற்றை இங்கே எடுத்துக்கொள்வோம். வீட்டில் பீர் காய்ச்சுவதைப் பற்றி இந்த நூலில் அத்தியாயம் கிடையாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். ஆனால் பீர் காய்ச்சுகிறவர்கள் நுரையையும் நூலையும் பற்றி நூறு ஆண்டுக்கு மேலாகக் கற்றுவைத்திருப்பதில் நமக்கு உதவுவது நிறைய உண்டு. அதைப் பிறகு பார்க்கலாம்.

திருப்பூர், அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர் வட்டாரத்தில் இந்தக் கோளாறுகள் அடிக்கடி வரும். ஆட்டுகிறவர்களின் கைப்பக்குவத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போனவர் இரவு எட்டரை, ஒன்பதுக்குத்தான் வீடு திரும்புவார். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும்; மளிகை, துணி துவைப்பு, மாவு எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு. அன்று ஆட்டியதை வியாழன், வெள்ளி வரை ஓட்ட வேண்டும். குடியிருப்பதோ லைன் வீடு. தலைக்கு மேலே சிமென்ட் ஷீட். அடுப்படியும் படுக்கையும் ஒரே அறைக்குள். தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு விதம். வேலை நேரம், கூரை, தண்ணீர் மூன்றும் சேர்ந்து மாவில் கை வைக்கின்றன. ஆனால் மாவு கெட்டதும் நாம் முதலில் திட்டுவது உளுந்துக் கடைக்காரரை. கடைசியாகச் சந்தேகப்படுவது தண்ணீரை. அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். உளுந்தை மாற்றும் முன் தண்ணீரை மாற்றிப் பாருங்கள்.

நுரை எப்படி நிற்கிறது

மாவு பொங்குவதற்கு இரண்டு வேலை நடந்தாக வேண்டும். உள்ளே காற்று உண்டாக வேண்டும். உண்டான காற்று தப்பிப் போகாமல் அங்கேயே தங்கவும் வேண்டும். இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்து யோசித்தால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

காற்றை உண்டாக்குவது லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற நுண்ணுயிர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெய்ன்க்ராஸும் அவரோடு இருந்தவர்களும் 1965இல் இட்லி மாவை ஆராய்ந்து இதை எழுதினார்கள். தானியத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் இந்த நுண்ணுயிர், ஊறும்போதே பெருகத் தொடங்கி, மாவு பொங்கும் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. தயிருக்கு மாதிரி உறை எதுவும் ஊற்ற வேண்டியதில்லை. கையால் கலக்கினால்தான் புளிக்கும் என்று சொல்வார்கள். சுத்தமான கையால் கலக்குவது நல்லதுதான். உப்பு எல்லா இடமும் சேரும், மாவு இறுகலா இளக்கமா என்பது கைக்குத் தெரியும். கை வைக்காவிட்டாலும் மாவு புளிக்கும்.

காற்றைப் பிடித்துவைப்பது உளுந்தின் வேலை. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் சுசீலம்மாவும் எம்.வி.எல். ராவும் 1970களில் இதைத் துருவிப் பார்த்தார்கள். உளுந்தில் இருக்கும் ஒருவகைப் புரதம் குமிழிகளைச் சுற்றித் தோல் கட்டுகிறது. அரபினோகேலக்டன் என்ற பிசின் போன்ற பொருள் அந்தத் தோல் கிழிந்துவிடாமல் கெட்டிப்படுத்துகிறது. ஆவியில் வேகும்வரை குமிழி உடையாமல் இருப்பது இந்தக் கூட்டணியால்தான். வேறு பருப்பை அரைத்துப் போட்டால் இட்லி இதே மாதிரி பூவாய் வராமல் போவதற்கும் காரணம் இதுதான்.

சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் நுரை கட்டித் துணி மிதக்க ஆரம்பித்தால் ஆன்டிஃபோம் கொஞ்சம் விடுவார்கள். மளமளவென்று நுரை அடங்கும். குமிழியின் தோலுக்குள் எண்ணெய்த்தன்மை உள்ள ஒன்று புகுந்தால் தோல் பிய்ந்துபோகும், அவ்வளவுதான். மாவுப் பாத்திரத்தில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் இதே வேலையைச் செய்யும். முந்தின நாள் வடை மாவு இருந்த பாத்திரம், நெய் டின், தேங்காய் எண்ணெய் தடவிய கை எல்லாமே உளுந்து மாவுக்கு ஆகாது. ஆட்டும்போதே உளுந்து பந்து மாதிரி எழும்பாமல் கிடந்தால் கிரைண்டரில் எண்ணெய் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

நல்ல மாவின் மேல்பரப்பு லேசாக மேடுகட்டி, குண்டூசித் தலை அளவுக்குக் குமிழிகள் நெருக்கமாக இருக்கும். கரண்டியால் ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டித் தூக்கினால் உள்பக்கமும் அப்படியே பொந்து பொந்தாகத் தெரியும். மேலே மட்டும் பெரிய பெரிய குமிழி, கீழே கெட்டியான வண்டல் என்றால் மாவு இளக்கமாகிவிட்டது என்று பொருள். காற்று உண்டானது, தங்கவில்லை. அடுத்த முறை ஆட்டும்போது தண்ணீரைக் குறைத்தால் போதும். மேலே தண்ணீர் பிரிந்து லேசாகக் கறுத்திருந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. காற்றுப் பட்டு நிறம் மாறியிருக்கிறது. வடித்துவிடலாம், கலந்தும் விடலாம்.

ஆத்துத் தண்ணி, உப்புத் தண்ணி, கேன் தண்ணி

இந்த ஊர்த் தண்ணீரின் கதை நீளமானது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்தது, 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கியது, 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது எல்லாம் ஊரறிந்தவை. கிணறுகளிலும் போர்களிலும் ஏறிய உப்பு இன்னும் பல இடங்களில் இறங்கவில்லை. பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரத் திட்டமிட்ட குழாய் வந்த பிறகு ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் ஆற்றுத் தண்ணீர் கிடைத்தது. ஆனால் குழாயில் அது தினமும் வருவதில்லை. வந்த அன்று டிரம்மில் பிடித்துவைப்போம். தீர்ந்தால் போர். குடிக்க மட்டும் கேன். ஆக, ஒரே வீட்டில் ஒரு வாரம் ஆத்துத் தண்ணியில் ஊறிய உளுந்து, மறுவாரம் உப்புத் தண்ணியில் ஊறும். உளுந்து அதே உளுந்துதான். மாவு மட்டும் வேறு மாதிரி இருக்கும்.

போர் தண்ணீரில் இரண்டு சிக்கல். சுண்ணாம்புச் சத்து நிறைய இருந்தால் பருப்பு வேக மறுப்பதுபோல ஊறவும் மறுக்கும்; தோலுரித்த உளுந்தின் நடுவில் வெள்ளைப் பொட்டு அப்படியே இருக்கும்; அரைத்தாலும் நைசாகாது. அதைவிடப் பெரிய சிக்கல் பைகார்பனேட். இது சோடா உப்பின் குடும்பம். மாவில் உண்டாகும் புளிப்பை இது உண்டாக உண்டாகக் கரைத்துவிடும். நல்ல மாவில் ஆரம்பத்தில் 6 வாக்கில் இருக்கும் பி.எச். அளவு, பொங்கி முடியும்போது 4.5 வாக்குக்கு இறங்க வேண்டும். அந்தப் புளிப்புதான் மாவின் காவல்காரன். புளிப்பு ஏறத் தாமதமானால் நமக்கு வேண்டாத கிருமிகள் வளர நேரம் கிடைத்துவிடுகிறது. பொங்கியிருக்கும், ஆனால் புளிப்பு வாசனையே இருக்காது. லேசான ஒரு அழுகல் வாடை இருக்கும். இந்த வட்டாரத்தில் நான் பார்க்கிற கொழகொழ மாவுகளில் பலவற்றின் ஆரம்பம் இதுதான்.

உங்கள் போர் தண்ணீர் எப்படி என்று தெரிந்துகொள்ளப் பெரிய சோதனை தேவையில்லை. குளிக்கும்போது சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போகிறதா, தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் கட்டுகிறதா என்று பாருங்கள். டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. ஆனால் அந்த மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும்; அதில் சுண்ணாம்பு எவ்வளவு, பைகார்பனேட் எவ்வளவு என்று சொல்லாது. சோப்பும் பாத்திரமும் சொல்வதையும் சேர்த்துக் கேளுங்கள்.

போர் தண்ணீரைத் தவிர வழியில்லை என்றால் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் தங்கும் வெள்ளையை விட்டுவிட்டு மேல் தண்ணீரை எடுங்கள். பைகார்பனேட்டும் சுண்ணாம்பும் ஓரளவு அடியில் தங்கிவிடும். மற்ற உப்பு போகாது. ஆகவே மாவுக்குப் போடும் உப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

குழாய்த் தண்ணீரின் குறை வேறு. குளோரின் வாடை தூக்கலாக வரும் அன்று பிடித்த தண்ணீரில் அப்படியே ஊறப்போட்டால், நாம் வளர்க்க நினைக்கும் நுண்ணுயிரையே அது அடக்கும். அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு மறுநாள் பயன்படுத்துங்கள். கேன் தண்ணீரில் இந்தத் தொல்லைகள் இல்லை. குடும்பத்துக்கு ஒரு வாரத்து மாவுக்கு ஊறவைக்கவும் ஆட்டவும் நாலைந்து லிட்டர் போதும். கழுவுவதை எந்தத் தண்ணீரிலும் கழுவிக்கொள்ளலாம். செலவைப் பார்த்துத் தயங்காதீர்கள். ஒரு பாத்திரம் மாவைக் கொட்டுவதைவிட இது மலிவு.

டிரம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீர் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் டிரம்மோ கேனோ பட்டறையிலிருந்து கழித்துக்கட்டிய கெமிக்கல் கேன் என்றால் அந்தத் தண்ணீரைச் சமையலுக்குத் தொடவே வேண்டாம். சோப்பு ஆயில், வெட்டிங் ஆயில் போன்றவை பிளாஸ்டிக்கில் ஊறிப்போயிருக்கும்; எத்தனை தடவை கழுவினாலும் கசிந்துகொண்டே இருக்கும். ஊறவைத்த அரிசியைக் கையால் அளையும்போது துணி துவைத்த தண்ணீர் மாதிரி பெரிய குமிழிகள் மேலே மிதந்து, கண்ணாடி மாதிரி பளபளத்து, உடையாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். அரிசியின் கஞ்சி நுரை வெண்மையாய், கலங்கலாய் இருக்கும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

குறை தண்ணீரிலா உளுந்திலா என்று உறுதி செய்ய ஒரே வழி இரண்டு டம்ளர் சோதனை. ஒரே அரிசி, ஒரே உளுந்து, ஒரே அளவு; ஒன்று கேன் தண்ணீரில் ஊறி, அதே தண்ணீரில் அரைபட வேண்டும்; மற்றொன்று உங்கள் வழக்கமான தண்ணீரில். ஒரே மாதிரியான இரண்டு சில்வர் டம்ளரில் பாதி வரை ஊற்றி, வெளியில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். காலையில் எது எவ்வளவு ஏறியிருக்கிறது, எதில் புளிப்பு வாசனை என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உளுந்தையும் மாற்றி, தண்ணீரையும் மாற்றி, வெந்தயத்தையும் கூட்டினால் மாவு நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

ஷீட் கூரையும் ஷிப்டும்

லியூகோனாஸ்டாக்குக்குப் பிடித்த சூடு 20 முதல் 30 டிகிரி வரை. ஏப்ரல், மே மாதத்தில் ஷீட் கூரைக்குக் கீழே ராத்திரி பத்து மணிக்கும் அறை அதற்கு மேலேதான் இருக்கும். சூடு ஏற ஏற, காற்றை உண்டாக்காமல் புளிப்பை மட்டும் உண்டாக்கும் கூட்டம் முந்திக்கொள்ளும். மாவு வேகமாகப் பொங்கி, நீங்கள் எழும் முன்பே அமுங்கி, பாத்திரத்தின் உள்பக்கம் உயரத்தில் ஒரு காய்ந்த வளையம் மட்டும் மிச்சமிருக்கும். பொங்கவே இல்லை என்று நினைப்பீர்கள். அந்த வளையத்தைப் பாருங்கள். பொங்கி அடங்கிய மாவு அது. இட்லிக்கு ஆகாது. வெங்காயம், பச்சைமிளகாய் நறுக்கிப் போட்டு ஊத்தப்பமாகவோ பணியாரமாகவோ ஆக்கிவிடலாம்.

கோடையில் உப்பை ஆட்டியவுடனே போடுங்கள். உப்பு வேகத்தைக் கட்டும். ஒரு கிலோ அரிசிக்கும் கால் கிலோ உளுந்துக்கும் 25 முதல் 30 கிராம் கல் உப்பு. ஆட்டும்போது தெளிக்கும் தண்ணீர் ஐஸ் தண்ணீராக இருக்கட்டும்; மிக்சியில் அரைப்பவர்களுக்கு இது கட்டாயம், ஏனென்றால் ஜார் சூட்டிலேயே உளுந்தின் நுரைக்கும் குணம் குறைந்துவிடும். பாத்திரத்தை அலமாரியின் மேல்தட்டில் ஷீட்டை ஒட்டி வைக்காமல் தரையில், தண்ணீர் நிறைந்த அகலச் சட்டிக்குள் வைத்து, வெள்ளை பனியன் கட் பீஸை நனைத்துச் சுற்றிவிடுங்கள். பருத்தித் துணி காயக் காயப் பாத்திரம் குளிரும். சாயம் போட்ட துண்டு வேண்டாம்.

மார்கழிக் குளிரில் இதற்கு நேர் எதிர். உப்பில் பாதியைப் பொங்கிய பிறகு போடுங்கள், ஊறவைத்த தண்ணீரையே ஆட்டவும் பயன்படுத்துங்கள், பாத்திரத்தைப் பிரிட்ஜின் பின்பக்கச் சூட்டோரம் வையுங்கள்.

ஷிப்டுக்குப் போகிறவர்கள் செய்யும் ஒரு காரியம் மாவைக் கெடுக்கிறது. காலை எட்டு மணிக்கு அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டுவிட்டு ராத்திரி ஒன்பதுக்கு வந்து ஆட்டுவது. அரிசிக்கு அது பரவாயில்லை. உளுந்து பதின்மூன்று மணி நேரம் வெக்கையில் கிடந்தால் தண்ணீரிலேயே கொழகொழத்து நுரைத்து நாறத் தொடங்கும்; அதை அரைத்தால் மாவு முதலிலிருந்தே வேறு கையில் போய்விடுகிறது. காலையில் அரிசியை மட்டும் ஊறப்போடுங்கள். வந்ததும் முதல் வேலையாக உளுந்தை ஊறப்போட்டு, சமைத்துச் சாப்பிட்டு முடிக்கும்போது ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். உளுந்துக்கு அது போதும். காலையிலேயே இரண்டையும் போட்டால்தான் முடியும் என்றால் உளுந்துக் கிண்ணத்தைப் பிரிட்ஜுக்குள் வையுங்கள்.

கொழகொழப்பு வேறு, நூல் வேறு

உளுந்து இயல்பாகவே வழவழப்பானது. வெந்தயம் அதைக் கூட்டும். ஆட்டிய அன்றே மாவு வழுக்கினால் அதில் கேடு எதுவும் இல்லை. உளுந்து அதிகம், அல்லது வெந்தயம் அதிகம், அல்லது உளுந்தை அளவுக்கு மீறி ஆட்டிவிட்டீர்கள். இப்படிப்பட்ட மாவில் இட்லி வெந்த பிறகும் பிசுபிசுவென்று துணியில் ஒட்டும், தோசை கல்லில் திரளும். அரிசி மாவு ஒரு கை சேர்த்துக் கலந்தால் சரியாகிவிடும். மாவு மென்மைக்காகக் கொங்குப் பக்கம் சில வீடுகளில் ஆமணக்கு விதை, அதாவது கொட்டைமுத்து, தோலெடுத்து அரைத்துச் சேர்ப்பார்கள். பழக்கப்பட்ட பெரியவர்கள் அளவு தெரிந்து செய்வது அது. பச்சை ஆமணக்கு விதையில் நஞ்சு உண்டு. புதிதாகக் கற்பவர்கள் அதன் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து. வேறு வழியில் மென்மை கிடைக்கும்.

நூல் வேறு. அதை இப்படிப் பாருங்கள்: கரண்டியின் பின்புறத்தை மாவில் தொட்டு மெதுவாக ஒரு சாண் உயரம் தூக்குங்கள். நல்ல மாவு நாடா போல இறங்கி, மடிப்பு மடிப்பாக விழுந்து, சட்டென்று அறுந்துவிடும். நூல்விட்ட மாவு கரண்டி நுனியிலிருந்து முடிபோல மெல்லிய இழையாக நீளும், அறுபடாமல் ஆடும், வெளிச்சத்தில் பிடித்தால் பளபளக்கும். ஆட்டிய அன்று இல்லாமல் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ இந்த இழை வந்தால் உளுந்தின் வழவழப்பு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். ஒரு நுண்ணுயிர் அதைத் தயாரித்திருக்கிறது.

எந்த நுண்ணுயிர் என்பதை வாசனை சொல்லும். நல்ல புளிப்பு வாசனையோடு நூல் விட்டால் பெரும்பாலும் நம் லியூகோனாஸ்டாக்கேதான். அதற்குச் சர்க்கரை கிடைத்தால் டெக்ஸ்ட்ரான் என்ற பிசினை உண்டாக்கும். கரும்புச் சாற்றில் இது புகுந்து கொழகொழவென்று கட்டிக்கொள்வது சர்க்கரை ஆலைகளுக்குப் பழைய தலைவலி. சீக்கிரம் பொங்கட்டும், தோசை சிவக்கட்டும் என்று ஆட்டிய மாவில் ஒரு கரண்டி சர்க்கரை போடுகிறவர்கள் தாங்களே அதை வரவழைக்கிறார்கள். சிவக்க வேண்டுமானால் ஊற்றப்போகும் மாவில் மட்டும், ஊற்றுவதற்குச் சற்று முன் போடுங்கள். இப்படி நூல்விட்ட மாவு கெடுதல் செய்யாது. அன்றைக்கே தோசையாக முடித்துவிடுங்கள்.

புளிப்பு வாசனை இல்லாமல், ஊசிப்போன வாடையோடு நூல் விட்டால் அது பேசிலஸ் வகை. மண்ணிலிருந்து தானியத்தோடு வருவது. ரொட்டிக் கடைகளில் ஈர வெக்கைக் காலத்தில் ரொட்டியைப் பிய்த்தால் உள்ளே இழை இழையாக வரும் நோய் இதன் உறவினர்களால்தான். அந்தக் குடும்பத்தில் பேசிலஸ் சீரியஸ் உண்டாக்கும் வாந்தி நஞ்சு ஆவியில் வெந்தாலும் அழியாது. ஆகவே "நல்லா வேகவெச்சா சரியாயிரும்" என்ற பேச்சே கூடாது. கொட்டிவிடுங்கள். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு என்று புள்ளி எது தெரிந்தாலும் அப்படியே. மேலாக வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வது ஆகாது. மாட்டுத் தொட்டியிலும் கொட்டாதீர்கள். மொத்தமாகப் புளித்த மாவு மாட்டின் வயிற்றைக் கெடுக்கும்.

பீர் காய்ச்சுகிறவர்களிடம் கற்க வேண்டியது இங்கேதான் வருகிறது. லூயி பாஸ்டர் 1876இல் பீரைப் பற்றி எழுதிய நூலில், கெட்ட பீரின் ஒவ்வொரு நோய்க்கும் அதற்கென்று ஒரு நுண்ணுயிர் உண்டு என்று காட்டினார். பீர் புளிப்பது ஒன்றால், நூல் விடுவது வேறொன்றால். அதிலிருந்து அவர்கள் "கெட்டுவிட்டது" என்பதோடு நிற்காமல், எப்படிக் கெட்டது என்று கேட்கப் பழகினார்கள். பெல்ஜியத்தில் லாம்பிக் என்றொரு பீர் உண்டு. அதற்கும் நம் மாவு போலவே உறை கிடையாது. காற்றிலும் பீப்பாயிலும் இருப்பதே வேலையைச் செய்யும். பல மாதம் பீப்பாயில் கிடக்கும்போது நடுவில் ஒரு கட்டத்தில் அது எண்ணெய் போல நூல் விடும். பீடியோகாக்கஸ் என்ற நுண்ணுயிரின் வேலை அது. இட்லி மாவு நன்றாகப் புளித்த பிறகு தலைகாட்டுவதும் இதே வகையறாதான். லாம்பிக்காரர்கள் பதறுவதில்லை. பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் பின்னால் வந்து அந்த நூலைத் தின்று தீர்க்கும்வரை காத்திருக்கிறார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது. மாவில் நூல் வந்தால் நாள் கடத்திச் சரியாகாது.

பொங்காத மாவு

ஒன்றுமே நடக்காத மாவைத்தான் நான் அதிகம் பயந்து பார்ப்பேன். எட்டு, பத்து மணி நேரம் ஆகியும் நுரையும் இல்லை, புளிப்பும் இல்லை என்றால் காவல்காரன் இன்னும் வரவில்லை. கதவு திறந்து கிடக்கிறது. குளிர்காலம் என்றால் இன்னும் நாலைந்து மணி நேரம் இளஞ்சூட்டில் வைத்துப் பாருங்கள். வெயில் காலத்தில் அப்படிக் காத்திருக்காதீர்கள். உடனே தோசையாகவோ அடையாகவோ ஊற்றித் தீர்த்துவிடுங்கள். காரணம் பெரும்பாலும் தண்ணீர், இல்லாவிட்டால் உப்பு அதிகம், இல்லாவிட்டால் மிக்சிச் சூடு. இவை எதுவும் இல்லை என்று ஆன பிறகு உளுந்தைச் சந்தேகியுங்கள். நாள்பட்ட உளுந்து ஆட்டும்போதே காட்டிக்கொடுக்கும்: அரை மணி நேரம் ஆட்டியும் உபரியாகாது, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்காமல் மூழ்கும்.

கடையில் வாங்கும் பாக்கெட் மாவு உப்பியிருந்தால் பதற வேண்டாம். மாவு உயிரோடு இருக்கிறது. ஆனால் பாக்கெட் பிரிட்ஜில் இருந்ததா, கடை வாசலில் வெயிலில் தொங்கியதா என்று பாருங்கள். வெட்டி வாசனை பார்க்காமல் பாத்திரத்தில் ஊற்றாதீர்கள். வீட்டில் இருக்கும் மாவோடு கலக்கவே கூடாது. ஒன்றின் கோளாறு மற்றதற்கும் ஒட்டும்.

பழைய சோற்றையும் இதே கண்ணோடு பாருங்கள். ஒரு வித்தியாசம்: சோறு வெந்தது, ஆகவே நல்ல நுண்ணுயிர் அதில் இருக்காது, வெக்கையைத் தாங்கும் பேசிலஸ் வித்துகள் மட்டும் பிழைத்திருக்கும். சோறு ஆறியதும் காத்திருக்காமல் தண்ணீர் ஊற்றுங்கள். மதியச் சோற்றை ராத்திரி பத்துக்கு ஊற்றுவது தாமதம். முந்தின நாள் நீராகாரத்தில் ஒரு கரண்டி விட்டால் புளிப்பு சீக்கிரம் ஏறும். காலையில் பானை ஓரத்தில் சின்னக் குமிழிகளும் மோர் வாசனையும் இருந்தால் சரி. பருக்கையை எடுக்கும்போது இழை வந்தால் குடிக்காதீர்கள். கம்பங்கூழுக்குக் கரைத்துவைக்கும் மாவு மட்டும் இட்லி மாவு மாதிரி; பச்சைத் தானியம் என்பதால் தானே புளிக்கும், நுரைத்து வழியவும் செய்யும். பாதிப் பானைக்கு மேல் கரைக்காதீர்கள்.

நூல்விட்ட மாவைக் கொட்டிய பிறகு

அடுத்த தடவையும் நூல் வந்தால் மாவைப் பார்க்காமல் கிரைண்டரைப் பாருங்கள். கழுவிய கிரைண்டர் வெளியே பளிச்சென்று இருக்கும். குழவியைக் கழற்றி அதன் தண்டு நுழையும் துளைக்குள் விரலை விட்டுத் துழாவினால் சாம்பல் நிறத்தில் வழவழப்பாக ஏதாவது வரும். நுண்ணுயிர் குடியிருப்பது அங்கேதான். ஓரத்து மாவைத் தள்ளிவிடும் பிளாஸ்டிக் தகட்டின் இடுக்கும், பாத்திர மூடியின் ரப்பரும் அப்படியே. பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றை இதற்கென்று ஒதுக்கித் தேய்த்து, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, கொட்டி, குழவியையும் தகட்டையும் வெயிலில் காயவையுங்கள். சோப்பு போட்டால் கடைசிவரை அலசுங்கள். மிச்சமிருக்கும் சோப்பு அடுத்த மாவின் நுரையைக் கெடுக்கும். மாவு வைத்த பாத்திரம் கீறல் விழுந்த பிளாஸ்டிக் டப்பாவாக இருந்தால் அதற்கு விடை கொடுத்து சில்வருக்கு மாறுங்கள்.

பிறகு அரைக் கிலோ அரிசிக்கு மட்டும், கேன் தண்ணீரில், வெந்தயம் இல்லாமல் ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள். பிரிட்ஜில் நான்காம் நாள் வரை கரண்டிச் சோதனையில் இழை வராவிட்டால் வெந்தயத்தைச் சேர்க்கலாம். அதற்கடுத்த ஞாயிறு பழைய அளவுக்குத் திரும்பலாம்.